திருச்சி – யாழ்ப்பாணம் விமானம்: வயதான அம்மாவோடு போய்வந்த அனுபவம்

வரைபடத்தில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு முனையும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் மறு முனையும் வைத்து நூல் பிடித்தால் ஏறத்தாழ 185 கிலோமீட்டர் வரும். அதே நூலை மேற்கே திருப்பிக் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் வைத்தாலும் அநேகமாக அதே அளவுதான். எங்களுக்குக் கோயம்புத்தூர் எவ்வளவு தூரமோ, யாழ்ப்பாணமும் அவ்வளவு தூரம். இது தெரியாமலேயே திருச்சியில் பாதிப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் போவதென்றால் பாஸ்போர்ட், கொழும்பு, இரவு பஸ் என்று ஏதோ வெகுதொலைவுக்குக் கிளம்புவது போலத்தான் இத்தனை காலமும் இருந்தது.

இண்டிகோ நிறுவனம் 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் தொடங்கியது. அட்டவணையில் ஒரு மணி நேரப் பயணம். அந்த விமானத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு, அதிலும் வீட்டில் மூட்டுவலியோடு இருக்கும் பெரியவர்களைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு, விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உறையூரில் தையல் கடை. எண்பது, தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறையப் பேர் திருச்சியில் வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் வீட்டு மாடியில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பையனைத்தான் அக்கா கல்யாணம் செய்துகொண்டாள். போர் முடிந்த பிறகு அத்தானுடைய குடும்பம் ஊர் திரும்பியது. அக்காவும் பிள்ளைகளும் கோண்டாவிலுக்குப் பக்கத்தில் கொக்குவிலில் குடியேறினார்கள். அம்மாவுக்கு மூத்த மகள் கடலுக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. இரண்டு முழங்காலும் வலி.

முன்பெல்லாம் போன வழியைச் சொன்னால்தான் இப்போது வந்திருக்கும் மாற்றம் புரியும். திருச்சியிலிருந்து கொழும்பு கட்டுநாயக்காவுக்கு விமானம். நேர்கோட்டில் பார்த்தாலே அது 415 கிலோமீட்டருக்குக் குறையாது. அங்கே இறங்கிய பிறகு வந்த வழியிலேயே வடக்கே திரும்ப வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து பலாலி நேர்கோட்டில் 290 கிலோமீட்டர் என்றாலும் சாலையில் கிட்டத்தட்ட 400. யாழ்தேவி ரயிலுக்கு நேரம் ஒத்துவந்தால் அதில் போவோம். இல்லையென்றால் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து கிளம்பும் இரவு பஸ். அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று விடிய விடிய ஓடும். 185 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மகளைப் பார்க்க ஒரு தாய் 800 கிலோமீட்டர் சுற்றிப் போனாள். அந்த பஸ்ஸிலிருந்து விடியற்காலையில் இறங்கும்போது அம்மாவின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்ததைப் பார்த்து அக்கா அழுதுவிட்டாள். அதோடு அம்மா, “இனிமே நான் வரலடி, நீயே வா” என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளின் பள்ளி, செலவு எல்லாம் பார்த்து அக்காவும் அடிக்கடி வர முடியவில்லை. வருடக்கணக்கில் இருவரும் கைப்பேசித் திரையில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால்தான் நேர் விமானம் என்ற செய்தி வந்த அன்று நான் கடையில் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் தலைமுறைக்கு இந்தப் பாதை புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எழும்பூரில் கிளம்பித் திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்குப் போன ‘போட் மெயில்’ ரயில் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதை உடைந்தது. வானத்திலும் பழைய பாதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகக் கட்டியது பலாலி ஓடுதளம். ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பரில் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது, கொழும்பு இரத்மலானையில் கிளம்பிய டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இந்தப் பலாலியில், இறங்கித்தான் சென்னைக்குப் பறந்தது. போர் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2019 அக்டோபரில் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்றது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து தொடங்கியது. ஆனால் உறையூர்க்காரர்கள் யாழ்ப்பாணம் போகச் சென்னைக்குப் போவதென்பது, வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டுத் தெற்கே திரும்புவது. திருச்சியிலிருந்தே என்றானபோதுதான் எங்களுக்கு வழி நேரானது.

சரி, பயணத்துக்கு வருவோம்.

உறையூரிலிருந்து விமான நிலையம் அரை மணி நேரம். டி.வி.எஸ். டோல்கேட் தாண்டி, சுப்ரமணியபுரம் தாண்டிப் புதுக்கோட்டை சாலையில் போகும்போது கொட்டப்பட்டு வரும். இலங்கையிலிருந்து வந்தவர்களின் மறுவாழ்வு முகாம் அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறப் போகும் சாலையிலேயே அந்த முகாமும் இருப்பதை அந்த ஊர்க்காரரைச் சம்பந்தம் செய்த எங்களால் பார்க்காமல் கடக்க முடியாது. அம்மா எப்போதும் அங்கே கும்பிட்டுக்கொள்வார்.

திருச்சியின் புதிய முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் முகப்பு, உள்ளே வண்ண ஓவியங்கள், நல்ல வெளிச்சம். பழைய முனையத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி. சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டுவிட வேண்டும். அன்றைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நாங்கள் குறிப்பிட்டிருந்ததால் வாசலிலிருந்தே ஒரு தம்பி அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார். குடியகல்வு வரிசையிலும் எங்களுக்குக் காத்திருப்பு குறைவாக இருந்தது. அதே நேரத்தில் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ விமானம் இருந்தால் அந்த வரிசை நீண்டுவிடும். பறப்பது ஒரு மணி நேரம்தானே என்று கடைசி நேரத்தில் வந்து சேராதீர்கள். இது வெளிநாட்டு விமானம். வெளிநாட்டுக்கு உண்டான எல்லா நடைமுறையும் உண்டு. இரண்டரை மணி நேரம் முன்னதாகப் போனோம், அது சரியாக இருந்தது. இலங்கைக்கான ஈ.டி.ஏ. என்கிற இணையவழி அனுமதியை வீட்டிலேயே விண்ணப்பித்து, காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொண்டால் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

விமானம் ஏ.டி.ஆர். வகை, இரண்டு விசிறிகளோடு, 78 இருக்கைகள் உள்ளது. பெரிய ஜெட் விமானத்தில் போய்ப் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்வேன்: பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் நல்ல விமானம். இதன் உடம்பு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறும் வாசல் பின்பக்கம். படிகள் சில மட்டுமே. பெரிய விமானத்துக்குச் சாய்த்து வைக்கும் நெடிய படிக்கட்டில் அம்மாவால் ஏறியிருக்கவே முடியாது. இங்கே என் தோளையும் கைப்பிடியையும் பிடித்து ஏறிவிட்டார். இருக்கை வரிசை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நடுவில் மாட்டிக்கொள்ளும் இருக்கையே கிடையாது.

இடம் பிடிப்பதைப் பற்றி ஒன்று. விசிறிகள் முன்பாதியில் இருப்பதால் அங்கே இரைச்சல் அதிகம். கதவு பின்னால் இருப்பதால், பின் வரிசைகளில் உட்கார்ந்தால் சத்தமும் குறைவு, ஏறி இறங்க நடக்க வேண்டிய தூரமும் குறைவு. மூட்டுவலிக்காரர்கள் பின்னால்தான் உட்கார வேண்டும். இறக்கை மேலே இருக்கும் விமானம் என்பதால் எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தரை தெரியும். வலப்பக்கம் பிற்பகல் வெயில் அடிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்துத் தீவுகள் அந்தப் பக்கம்தான். நான் வெயிலைப் பொறுத்துக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அம்மாவை ஜன்னல் ஓரம் விட்டேன்.

185 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம் என்று சிலர் கேட்கிறார்கள். இந்த விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. கணக்குப் போட்டால் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் ஆக வேண்டும். ஆனால் அட்டவணையில் எழுதும் நேரம் நிலையத்திலிருந்து நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுதளம் வரை ஊர்ந்து போக வேண்டும். கிழக்கிலோ மேற்கிலோ காற்றுக்கு ஏற்ப எழும்பி, பிறகு தென்கிழக்கே திரும்ப வேண்டும். இவ்வளவு குறுகிய தூரத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும். பிறகு அங்கேயும் ஓடுதளத்துக்கு நேராக வளைந்து வர வேண்டும். சக்கரம் தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை நான் கைக்கடிகாரத்தில் பார்த்தது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. கடிகாரத்தைத் திருப்பி வைக்கவும் தேவையில்லை; இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

பயணத்தில் பாதி தரை, பாதி கடல். எழும்பியதும் புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலமும் கண்மாய்களும். கொஞ்ச நேரத்தில் நிறம் மாறிப் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் தொடங்கிவிடும். கஜா புயலில் 2018இல் அந்தத் தோப்புகள் சாய்ந்து கிடந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு, இப்போது மேலிருந்து அந்தப் பச்சையைப் பார்க்கும்போது மனம் நிறையும். அப்புறம் கரை. நேர்கோடு போட்டால் மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் இரண்டுக்கும் இடையில் கரையைத் தாண்ட வேண்டும்; சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோட்டை அந்தக் கரையில்தான். நான் தேடினேன், கண்ணில் படவில்லை. கடலோரத்துச் சேறும் அலையாத்திக் காடும் நன்றாகத் தெரிந்தன.

கடலுக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆழமில்லாத பாக் நீரிணை. வெயிலில் சில இடங்களில் பச்சையாகவும் சில இடங்களில் சேறு கலங்கியது போலவும் தெரிகிறது. புள்ளி புள்ளியாகப் படகுகள். அவை எந்தக் கரைப் படகுகள் என்று மேலிருந்து சொல்ல முடியாது. இரண்டு கரை மீனவர்களுக்கும் இடையில் இவ்வளவு காலமாகத் தீராத வழக்கு நடக்கும் கடல் இது என்பது கீழே பார்க்கும்போது நினைவுக்கு வந்தது. அம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார். “இதையா சுத்திச் சுத்திப் போனோம்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

காரைநகர்ப் பக்கம் தீவுகள் தெரிந்ததும் விமானம் தாழ்ந்தது. பனை மரத் தலைகள், செம்மண் தோட்டங்கள், ஓடுதளம். சக்கரம் தொட்டதும் யாரோ கை தட்டினார்கள்.

பலாலி நிலையம் சிறியது. விமானத்திலிருந்து இறங்கி நடக்கும் தூரமும் அதற்குத் தக்கபடி குறைவுதான். ஒரு விமானத்துக்கு எழுபது, எண்பது பேர் என்பதால் குடிவரவு வரிசை சீக்கிரம் நகர்ந்தது. அதிகாரி அம்மாவிடம் தமிழிலேயே, “எங்க தங்கப் போறீங்கள் அம்மா?” என்று கேட்டார். கட்டுநாயக்காவில் ஒவ்வொரு முறையும் நான் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அம்மா தானே பேசினார், மகள் பெயர் சொன்னார், ஊர் சொன்னார். ஒரு வயதான பெண்மணிக்குத் தன் பயணத்தைத் தானே நடத்திக்கொள்ள முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அப்போது பார்த்தேன். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

குறை இருப்பது வெளியே வந்த பிறகு. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் 17, 18 கிலோமீட்டர். கொக்குவில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. விமானம் வரும் நேரத்துக்குப் பொருந்தி நிற்கும் பஸ் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் தடவை போனபோது அத்தானுக்கு வேலை. வந்து அழைத்துப் போக முடியவில்லை. அங்கே நின்ற ஒரு வாகனக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதும் வழக்கமான வாடகையைப் போல இரண்டு மடங்கு கேட்டார். அம்மா நிற்க முடியாமல் நின்றதால் கொடுத்துவிட்டு ஏறினேன். அக்கா கேட்டுவிட்டு நாள் முழுக்கப் புலம்பினாள். இப்போதெல்லாம் கொக்குவிலில் தெரிந்த ஆட்டோக்காரரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுகிறோம். உங்களுக்கும் உறவினர் இருந்தால் அதையே செய்யுங்கள். விடுதியில் தங்குபவர்கள் விடுதிக்காரர்களிடமே வாகனம் அனுப்பச் சொல்லலாம். கையில் கொஞ்சம் இலங்கை ரூபாய் இருப்பதும் அவசியம்.

வழி அழகான வழி. வசாவிளான், புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில் என்று பலாலி வீதி இறங்குகிறது. சிவப்பு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் பாத்தி பாத்தியாக. விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் அப்படி இல்லை. அங்கே ராணுவ முகாம்கள், முள்வேலி, கூரையில்லாத வீடுகள், அந்த வீடுகளுக்குள்ளேயே வளர்ந்த மரங்கள்.

இதை மதிப்புரையில் எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். அக்காவின் மாமியார் வசாவிளானில் பிறந்தவர். 1990இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குப் பகுதியிலிருந்து மக்கள் வெளியேறியபோது கட்டிய துணியோடு கிளம்பியவர். பிறகு மானிப்பாய், அப்புறம் திருச்சி, கடைசியில் கொக்குவில். அவருடைய காணியில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மறு பகுதி இன்னும் ராணுவ வேலிக்குள் இருக்கிறது. நாங்கள் இறங்குகிற இடமே அவர்கள் இழந்த இடத்தின் பக்கம்தான். ஓடுதளத்தை நீட்டினால் பெரிய விமானங்கள் வரும், கட்டணம் குறையும் என்று பயணிகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் கட்டணம் குறைய வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் காணிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு அது நடக்கக்கூடாது. இந்த எழுபத்தெட்டு இருக்கை விமானமே தினம் இரண்டு தடவை வந்தால் எங்கள் தேவைக்குப் போதும்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த மாமியார் படலைக்கே, அதாவது வாசல் கதவுக்கே, வந்துவிட்டார். “வாங்கோ சம்பந்தி, களைச்சுப் போனீங்களோ?” என்றார். “களைப்பா? உட்கார்றதுக்குள்ள இறங்கச் சொல்லிட்டாங்க” என்றார் அம்மா. காலில் வீக்கம் இல்லை. அன்று மாலையே அக்காவோடு நல்லூர் முருகன் கோயிலுக்கு ஆட்டோவில் போய் வந்தார்.

மொத்த நேரக் கணக்கு இதுதான்: வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து அக்கா வீட்டில் தேநீர் குடித்தது வரை ஐந்து மணி நேரம், கூடவோ குறையவோ அரை மணி. அதில் வானத்தில் இருந்தது மிகக் குறைவு. பெரும்பகுதி திருச்சியில் காத்திருந்தது. கொழும்பு வழியில் இதே பயணம் ஒரு பகலையும் ஓர் இரவையும் எடுத்துக்கொள்ளும். கடையை அதிக நாள் பூட்டிவைக்க முடியாத என் போன்றவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. தீபாவளிக்கு முந்தைய மாதம் ரவிக்கை தைக்கக் குவிந்து கிடக்கும். அப்போதும் ஒரு வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்ப முடிகிறது. முன்பு நினைத்தே பார்த்திருக்க மாட்டேன்.

கட்டணம் நாளுக்கு நாள் மாறுகிறது. முன்கூட்டியே எடுத்தால் கையைக் கடிக்காது. நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களிலும் பள்ளி விடுமுறையிலும் ஏறிவிடும். கொழும்பு விமான டிக்கெட்டோடு மட்டும் ஒப்பிட்டு, இது அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் செலவு, நடுவில் ஒரு ராத்திரி தங்கினால் அறை வாடகை, சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எங்கள் கணக்கில் நேர் விமானம்தான் மலிவாக வந்தது.

கப்பலையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி வந்தது. கடல் தூரம் 110 கிலோமீட்டர் அளவில். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி அதில் போனான். திருச்சியிலிருந்து நாகைக்குக் காரில் மூன்று மணி நேரம், துறைமுகத்தில் காத்திருப்பு, கடல், அங்கே மறுபடி வரிசை என்று அவனுக்கு ஒரு நாள் முழுக்கப் போனது. கட்டணம் குறைவு, கடல் பயணம் நன்றாக இருந்தது என்று மகிழ்ச்சியாகத்தான் சொன்னான். இளவட்டங்கள் தாராளமாகப் போகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் கப்பல் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். அம்மாவை அதில் ஏற்ற எனக்கு மனமில்லை.

விமானமும் மழைக் காலத்தில் கொஞ்சம் ஆடும். சிறிய விமானம், தாழ்வாகப் பறப்பது. ஐப்பசி, கார்த்திகையில் மேகத்துக்குள் புகுந்தால் தூக்கிப் போடும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் தை முதல் ஆனி வரை போவது நல்லது.

இரண்டு விஷயம் மாற வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்று, காலையில் ஒரு விமானம். இப்போது பிற்பகலில் போவதால் ஒரு நாள் பாதி கழிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு மருத்துவத்துக்காக வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கண் ஆபரேஷன், இருதயப் பரிசோதனை என்று காகிதக் கட்டோடு வருகிறார்கள். காலையில் வந்தால் அவர்கள் அன்றே மருத்துவரைப் பார்த்துவிட முடியும். இன்னொன்று, பலாலி வாசலிலிருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு, விமான நேரத்தோடு பொருந்தும் ஒரு பஸ். ஒரு நாளைக்கு இரண்டு நடை விட்டாலே போதும். தனியாக வரும் முதியவர்கள் வாகனக்காரர்களிடம் பேரம் பேசிக்கொண்டு வெயிலில் நிற்க மாட்டார்கள்.

கடைசியாகப் பெட்டி. சிறிய விமானம் என்பதால் கையில் கொண்டுபோகும் பை ஏழு கிலோவுக்கு மேல் இருந்தால் பிரச்சினை. மேலே வைக்கும் இடமும் குறுகல். போகும்போது நாங்கள் கொண்டுபோவது மணப்பாறை முறுக்கு, அக்காவுக்கு நான் தைத்த ரவிக்கைகள், சம்பந்தியம்மாவுக்கு ஒரு புடவை. விற்கக் கொண்டுபோவது போலப் புடவை அடுக்கினால் சுங்கத்தில் கேள்வி வரும். வரும்போது புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனங்கட்டி, வறுத்து அரைத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை. ஆனி, ஆடியில் போனால் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் அங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மிளகாய்த்தூளை இரண்டு பையில் இறுக்கிக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். நல்லெண்ணெய்ப் போத்தலும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

வருகிற தைப்பொங்கலுக்கு அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. பின் வரிசை, வலப்பக்கம்.